அக்கா, நான் மூக்கை நேராக்கிக்கொள்ளப் போகிறேன்

என் ஆசை தேவி அக்காவுக்கு,

வரும் வியாழக்கிழமை வேலூரில் எனக்கு ஆபரேஷன். பயந்துவிடாதே, நோய் ஒன்றும் இல்லை. மூக்கைத்தான் நேராக்கிக்கொள்ளப் போகிறேன். பதினாறு வருடமாக நீ சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயத்துக்கு, நீ போய்ப் பதினான்கு மாதம் கழித்துச் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். இதைக் கேட்க வேண்டியவள் நீதான். யாரிடம் போய்ச் சொல்லுவேன், சொல்லு?

முதலில் வீட்டுச் செய்திகள். அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது. பௌர்ணமி அன்று நம் அடி அண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் தாங்கவில்லை. வாசலில் நிற்கிறவர்களுக்கு அவளே தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்தாள். கீழ்பென்னாத்தூரில் மாமா வேன் ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டார். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மட்டும் ஏற்றிப்போகிறார். உன் சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பது இப்போது அவருக்கு அத்துப்படி. ரசம்கூட வைக்கிறார். நீ சாப்பிட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

உன் மகள் யாழினி பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். உன்னைப் போலவே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள். நர்சிங் படிக்கப் போகிறாளாம். ஏழு மாதம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு வேறு என்ன ஆசை வரும்?

நான் அதே இ-சேவை மையத்தில்தான் இருக்கிறேன். நாள் முழுக்க ஆதாருக்கு மற்றவர்களின் முகத்தைப் படம் பிடிக்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர், "மேடம், மூக்கு பெருசா வுழுந்திருக்குது, இன்னொரு தரம் எடுங்க" என்றார். மூன்று தரம் எடுத்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். அவர் கேட்டதில் என்ன தப்பு? என் அட்டையில் இருக்கிற படத்தை நான் யாருக்கும் நீட்டிக் காட்டியதே இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கு நம் கதை தெரியாது. முப்பத்து மூன்று வருடமாக அது உனக்கும் எனக்கும் நடுவில் மட்டுமே இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்றைக்கு உனக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. நிலத்தில் அம்மா மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்க ஆள் விட்டிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. நீ அப்பாவின் சைக்கிளை எடுத்தாய். என்னை முன்னால் பாரில் உட்காரவைத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் ஓட்டினாய். உன் வகுப்புத் தோழி இன்னொரு சைக்கிளில் கூடவே வந்தாள். "கைய வுட்டுட்டு ஓட்டுறேன், பாரு!" என்று அவளைப் பார்த்துக் கத்தினாய். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அக்கா. விழுகிறவரைக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மைல்கல்லில் என் முகம் மோதியது. சட்டை முழுக்க ரத்தம். உன் தோழி பயந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள், அவளும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நீ என்னைத் தூக்கி, பாவாடையால் துடைத்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினாய். "அப்பாகிட்ட சொல்லிடாதடி. அடிச்சே கொன்னுடுவாரு. நீ கேட்டதெல்லாம் தரேன்." நான் சரி என்றேன். நிலத்திலிருந்து ஓடிவந்த அம்மாவிடம், "சைக்கிள்லேருந்து அவளே குதிச்சிட்டாம்மா. லேசாத்தான் வுழுந்தா" என்றாய்.

லேசாகத்தான் விழுந்தேன் என்று எல்லோரும் நம்பினார்கள். அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். குதித்ததற்காக அப்பா முதுகில் இரண்டு அடியும் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. வீக்கம் வடிந்தபோது மூக்குத்தண்டு இடது பக்கம் பள்ளமாகி, நுனி வலது பக்கம் திரும்பியிருந்தது. எலும்பு அப்படியே கூடிவிட்டது.

நீ வாக்குத் தவறவில்லை. கேட்டதெல்லாம் கொடுத்தாய். வாய் திறந்து கேட்கக்கூடத் தேவையில்லை என்பதை நான் சீக்கிரமே கண்டுபிடித்தேன். விரலால் மூக்கைத் தொட்டால் போதும். உன் தட்டில் இருந்த முட்டை என் தட்டுக்கு வரும். பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடை எனக்கு வரும். பாத்திரம் தேய்க்கும் முறை என்னுடையதாக இருந்தாலும் நீயே எழுந்து போவாய். எட்டு வயதில் அது எனக்கு விளையாட்டு.

பெரியவளான பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

உன் கல்யாணத்துக்கு முன்னால் உனக்கும் எனக்கும் மூக்குக் குத்த அம்மா ஆசாரியை வரச் சொன்னாள். ஊரே திரும்பிப் பார்க்கிற மூக்கில் கல் வேறா என்று நான் அழுது அடம்பிடித்தேன். "அவளுக்கு இல்லாதது எனக்கும் வேணாம்" என்று நீயும் மறுத்துவிட்டாய். மூக்குத்தி இல்லாத கல்யாணப் பெண் என்று மாமா வீட்டில் எத்தனை பேர் உன்னைக் கேட்டிருப்பார்கள்? ஒருநாளும் என்னிடம் நீ சொன்னதில்லை.

அப்புறம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மூன்றாவதாக வந்த செங்கம் ஆட்களை மறந்திருக்கமாட்டாய். காபியை வாங்கிக்கொண்டே அந்த அம்மாள், "பொண்ணு லட்சணந்தான். மூக்குதான் கொஞ்சம்..." என்று இழுத்தாள். நீ சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாய். அவர்கள் போன பிறகு உள்ளே வந்தேன். நீ சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாய். என்னை மறுத்துவிட்டுப் போன வருத்தத்துக்கு நடுவில், நீ அழுவது எனக்கு நன்றாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை.

நீதான் முதலில் ஆபரேஷன் பேச்சை எடுத்தாய். எனக்கு இருபத்துநாலு வயது. டாக்டரை விசாரித்து, நாளும் வாங்கி, பஸ் ஏற்றி வேலூருக்குக் கூட்டிப்போனாய். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டபோது, எனக்கு ஊசி என்றால் பயம் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். முப்பத்து மூன்று வயதில் இன்னொரு தடவை. அப்போது டாக்டர் அறைக்குள் போய், பரிசோதனை எல்லாம் முடித்து, தேதி கொடுத்த பிறகு போகாமல் இருந்துவிட்டேன். "வலிக்கும்னு பயப்படுறியாடி? நான் கூடவே இருப்பேன்" என்று போனில் ஒரு மணி நேரம் கெஞ்சினாய். வலிக்காகவா பயந்தேன்? மூக்கு நேராகிவிட்டால் உன்னிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது என்றுதான் பயந்தேன்.

இனிமேல் எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரம். மத்தியானம். அம்மா சாப்பிடப் போயிருந்தாள். மாமா மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார். நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

"சுமதி, அன்னிக்கு நான் கைய வுட்டதும் பொய் சொன்னதும்... என்ன மன்னிச்சிட்டியாடி?"

அத்தனை வருடத்தில் நீ அதை வாய்விட்டுச் சொன்னது அது ஒரு தரம்தான்.

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப? கம்முனு படு" என்றேன். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கை, அக்கா, தானாக எழுந்து போய் மூக்கைத் தொட்டது. பழக்க தோஷம் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். நீ பார்த்துவிட்டாய். கண்ணை மூடிக்கொண்டாய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் உனக்கு நினைவு தப்பியது. மூன்றாம் நாள் நீ இல்லை.

ஒரு வார்த்தைதானே? ஏன் எனக்கு வரவில்லை? பதினான்கு மாதமாக வண்டி ஓட்டும்போதும், வரிசையில் நிற்கிறவர்களைக் கூப்பிடும்போதும் இதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் யாழினி, நர்சிங் காலேஜ் விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க எங்கள் மையத்துக்கு வந்தாள். எடுத்து முடித்ததும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சித்தி, ஒன்னு கேக்கட்டா? அம்மா எப்பவுமே உங்களுக்கு வலது பக்கம்தான் உக்காருவாங்க. கவனிச்சிருக்கீங்களா? ஆஸ்பத்திரியில கூட உங்க ஸ்டூல அந்தப் பக்கம் மாத்திப் போடச் சொன்னாங்க. ஏன்?"

டிரிப்ஸ் கம்பி இடிக்கிறது என்றல்லவா அன்றைக்கு நீ சொன்னாய்? நான் நம்பியிருந்தேன். என் முகத்தின் பள்ளமான இடது பக்கத்தைப் பார்க்கும் தெம்பு உனக்குக் கடைசிவரை இல்லை. பதினேழு வயதுப் பெண் கண்டுபிடித்ததை நான் இத்தனை வருடத்தில் கவனிக்கவே இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பொய்யையும் சொன்னேன், என் விரல் செய்த வேலையையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் பாவம் சித்தி" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி சொல்ற?" என்று கீரையைக் கீழே போட்டாள். உன்மேல் கோபப்படுவாள் என்று பார்த்தால், தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தாண்டி ஒன்ன கெடுத்தவ! மல்லாட்டை புடுங்குற நாளுன்னு பத்து போட்டு உக்கார வச்சேன். அன்னிக்கே டாக்டருகிட்ட இட்டுனு போயிருந்தா ஒனக்கு நல்லா ஆயிருக்கும். ஒன்ன பாக்க வந்தவங்க போற ஒவ்வொரு தரமும் எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா?"

ஒரே வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "கேட்டவளுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதாடி? இப்ப எப்பிடிச் சொல்லுவ?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த வாரமே யாழினியைக் கூட்டிக்கொண்டு வேலூர் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மூக்கை விரலால் தடவிப் பார்த்து, வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்து, "மூச்சு நல்லாத்தான் போகுது. அழகுக்காகத்தானே கேக்குறீங்க?" என்றாள்.

"ஆமாங்க டாக்டர், அழகுக்காகத்தான்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதைக் கூச்சப்படாமல் சொன்னேன்.

பழைய எலும்பைத் திரும்ப உடைத்துத்தான் நேராக்க வேண்டுமாம். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போகுமாம். வீக்கம் முழுக்க வடிந்து சரியான வடிவம் தெரிய ஒரு வருடம் ஆகுமாம். "நூத்துக்கு நூறு நேரா வரும்னு சொல்லமாட்டேன். இப்ப இருக்கறத விட நல்லா இருக்கும்" என்றாள். மறைக்காமல் பேசுகிறவளைப் பிடித்துப்போய் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எழுந்து ஓடவில்லை.

செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. "நாப்பத்தொரு வயசுல யாரு பாக்கப்போறாங்க?" என்று பக்கத்துத் தெரு அத்தை கேட்டாள். நான்தான் பார்க்கப்போகிறேன். மாமா, "பஸ்ஸெல்லாம் வேணாம், நானே வேனை எடுத்துகினு வரேன்" என்றார். சொல்லிக்கொண்டே வேனின் முன் சீட்டைத் துடைத்தார். நீ இருந்தால் முன் சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்கும் தெரியும்தானே.

உனக்காகத்தான் பண்ணிக்கொள்கிறேன் என்று முதலில் எழுதினேன். எழுதி அடித்துவிட்டேன். அது பாதிதான் உண்மை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நடக்க எனக்கு ஆசை. இருபது வயதிலிருந்தே ஆசை. உன்னைத் தண்டிப்பதற்காக நான் அடக்கிவைத்திருந்தது என் ஆசையைத்தான். அதில் உனக்கும் வலி, எனக்கும் வலி. யார் ஜெயித்தோம், அக்கா?

அம்மா கேட்டதற்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மன்னித்துவிட்டேன். இன்றைக்கு இல்லை, மைல்கல்லுக்குப் பக்கத்தில் நீ என் கையைப் பிடித்து அழுதபோதே மன்னித்துவிட்டேன். உன்னிடம் கோபம் இருந்தால் எட்டு வயதுப் பிள்ளை அடி வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்குமா? மன்னித்ததை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேனே, அதுதான் என் தப்பு. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடமிருந்து பதில் வராது. பதில் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை மிச்சமிருக்கும் நாளெல்லாம் நானும் தெரிந்துகொள்கிறேன்.

ஒன்றை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். உன் மகள் என்னிடம் எதைக் கேட்டாலும், அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், அன்றைக்கே அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுவேன். நாளைக்கு என்று தள்ளமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி