மருந்து போட்ட தண்ணீர்

இன்று காலை குழாயைத் திறந்ததும் உன் சட்டையின் வாசம் அடித்தது. இரவெல்லாம் மழை. ஆறு கலங்கினால் குண்டசாலைக் குழாய்களில் குளோரின் நெடி கூடும் என்று நீதான் சொல்வாய்.

வாளியை நிரப்பி, குளோரினை முறிக்கும் துளிகளைப் போத்தலிலிருந்து விட்டுக் கலக்கினேன். ஆமைத் தொட்டிக்குப் போகும் தண்ணீர். நீ இருந்திருந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்திருப்பாய்.

தண்ணீர் சுத்திகரிக்கும் இடத்தில் குளோரின் கலப்பது உன் வேலை. உங்கள் பேச்சில் அதற்கு மருந்து என்று பெயர். நீ போட்ட மருந்தை நான் முறிப்பது உனக்குப் பொறுக்கவில்லை. "ஊரே குடிக்குது மச்சான், ஒன் ஆமை மட்டும் என்ன, தொரை வூட்டுப் புள்ளையா?" என்பாய். அது ஆமையின் கண்ணை அரிக்கும், வடிகட்டியில் அழுக்கைத் தின்னும் நல்ல கிருமிகளைக் கொல்லும் என்று படித்ததைச் சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் உனக்குத் தண்ணீர்ப் பாடம் எடுப்பதாகத் தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிந்தாய். பள்ளிக்கூடத்தைத்தான் நிறுத்தினேன். படிப்பை நிறுத்தவில்லை.

கலஹாவில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது வேறு ஆள் இல்லாமல் சாவியை உன்னிடம் தந்தேன். "தொட்டிக்குப் பக்கத்துல போத்தல் இருக்கு. தண்ணிக்கு மருந்து போட்டு ஊத்து" என்றேன். திரும்பி வந்தபோது கேட்டிலேயே நெடி மூக்கில் ஏறியது. கிணற்றுக்குப் போடும் வெள்ளைத் தூளைக் கரைத்து ஊற்றியிருந்தாய். ஆமையின் இமைகள் வீங்கி ஒட்டிப் போயிருந்தன.

"நீதானே மருந்து போடச் சொன்ன? எனக்குத் தெரிஞ்ச மருந்து அதான்."

ஊர் அதை நம்பியது, சிரிக்கவும் செய்தது. ஆனால் அந்தப் போத்தல் தொட்டியின் பக்கத்தில் இல்லை, ஜன்னல் விளிம்பில் இருந்தது. மேலே பெரிதாக ஆமைப் படம். அதைக் கையில் எடுத்து நகர்த்தியவன் படத்தைப் பார்க்காமலா நகர்த்தினான்?

பேராதனையில் மிருக வைத்தியரிடம் பலமுறை கொண்டுபோனேன். வீக்கம் வற்றியது, பார்வை வரவில்லை. நீ ஆமைக்கு இறால் வாங்கிக்கொண்டு கேட்டில் வந்து நின்றாய். நான் திறக்கவில்லை. "ஒரு ஆமைக்காகவா மச்சான்?" என்றாய். ஆமைக்காகத்தான்.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். உன் மனைவி கெஞ்சியதால் வந்தேன். தண்ணீர் கேட்டாய். வார்டுக் குழாயில் பிடித்து நீட்டினேன். "நீ போடுற மருந்துதான் கலந்திருக்கு. குடி" என்றேன். குடித்தாய். கோப்பையைத் திருப்பித் தரும்போது மெல்லச் சொன்னாய்:

"படத்த பாத்தேன் மச்சான்."

நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தாய். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆமைக்குத் தண்ணீர் மாற்றும் நேரம்.

செத்தவனை மன்னிக்க வேண்டுமாம். உன் மனைவியும் சொல்கிறாள். மன்னிப்பு கேட்க வேண்டியது ஆமையிடம். அதற்குக் கண் இல்லை. வாளியை வைக்கும் அதிர்வுக்கு அது நீந்தி வருகிறது, கண்ணாடியில் முட்டுகிறது, பிறகு என் விரலைத் தேடி இரையைத் தின்கிறது.

இப்போதெல்லாம் நான் துளி என்றுதான் சொல்கிறேன். என் சர்க்கரை வியாதி மாத்திரையைக்கூடக் குளிசை என்றே கேட்டு வாங்குகிறேன். மருந்து என்ற சொல்லை நீயே வைத்துக்கொள்.