கையைக் காட்டினேன், ஊர்வலம் நின்றது

24.10.1954, ஞாயிறு

நல்லவேளை, தலையும் தொப்பியும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தன.

மார்க்கெட் முனையில் போலீஸ் டியூட்டியில் நின்றேன். விடுதலை ஊர்வலம் வந்தது. பிரெஞ்சு சர்க்கார் கொடுத்த என் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும், "கழட்டுடா அத" என்று கத்திக்கொண்டு என்மேல் பாய வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் என் மனைவியின் தம்பி. பயத்தில் என் கை தானாக உயர்ந்தது, வண்டிகளை நிறுத்துகிற மாதிரி. மொத்தக் கூட்டமும் நின்றுவிட்டது. குறுக்கே ஒரு மாட்டுவண்டி போய் முடிந்ததும் கையை அசைத்தேன். கோஷம் போட்டபடியே என்னைத் தாண்டிப் போனார்கள்.

ராத்திரி சாப்பிட வந்த மச்சானிடம் கேட்டேன், "ஏன்டா நின்ன?"

"நீங்க கைய காட்டுனீங்க மாமா, காலு நின்னுடுச்சி. நான் நின்னதப் பாத்து அவங்களும் நின்னுட்டாங்க. நாளைக்குத் தொப்பி இல்லாம போங்க."

"தொப்பி இல்லன்னா நீ நிப்பியா?"

இன்னொரு தோசை கேட்டான். தூக்கம் வருகிறது.