சூரியகாந்தியில் விழுந்த துரு

சங்கரன்கோவில்,
தை 9

அன்பு மகள் மாரிசெல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் தெம்பாக இருக்கிறேன், முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் புனே குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கோமதியம்மனை நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வா என்று பாதியிலேயே மறித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

அப்பா போன பிறகு நானே நின்று விதைத்த முதல் வெள்ளாமை இது. திருவேங்கடம் ரோட்டுக் காட்டில் சூரியகாந்தி மொட்டு வைக்கிற நேரம், பனி விடாமல் இறங்கியது. அடி இலைகளின் பின்பக்கம் செங்கல் பொடி தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தது, தொட்டால் கையில் ஒட்டியது, பிறகு அந்த இலைகள் காய்ந்து தொங்கிவிட்டன. உன் சித்தப்பா சண்முகையா வந்து பார்த்துவிட்டு, "மதினி, இது தேறாது, உழுது போட்டுருங்க" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாலு இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கும் ரசீதா மேடம் பார்த்ததுமே துரு நோய் என்று சொல்லிவிட்டார், ஒரு வகைப் பூஞ்சையாம், பச்சைச் செடியில் ஒட்டிக்கொண்டுதான் பெருகுமாம். மருந்தும் சொன்னார். ஆனால் போன வெள்ளாமையில் சிந்திய விதை தானாக முளைத்துப் பக்கத்தில் நின்றால் அந்தப் பொடி காற்றில் வந்துகொண்டே இருக்கும், அதைப் பிடுங்காமல் மருந்தை மட்டும் அடித்துப் பிரயோஜனமில்லை என்றார்.

அப்படி நின்றதெல்லாம் வரப்புக்கு அந்தப் பக்கம், ஆறுமுகச்சாமி அண்ணாச்சி காட்டில். வரப்புத் தகராறில் அவரும் அப்பாவும் பேச்சை விட்டது உனக்குத் தெரியும், அப்பா போனபோது துஷ்டிக்குக்கூட அவர் வரவில்லை. வேறு வழியில்லை, அவர் காட்டு இலை ஒன்று, நம் இலை ஒன்று எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினேன். இரண்டிலும் ஒரே நிறப் பொடி. அவர் பார்த்துவிட்டு, "ஒம் புருசன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனானா?" என்று கேட்டார். "அவுக பேசல அண்ணாச்சி, நான் பேசுதேன்" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு போனால், அண்ணாச்சி தன் காட்டில் குனிந்து அந்தச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். நானும் சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினேன். வெயில் ஏறும்வரை ரெண்டு பேரும் பிடுங்கினோம். எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடும்போது, "அவன் கடைசியில ரொம்பச் செரமப்பட்டானா?" என்று கேட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார், நான் மருந்தடிக்கப் போய்விட்டேன், அங்கே நின்றால் நானும் அழுதிருப்பேன்.

அடி இலை போனது போனதுதான். மேல் இலைகளில் இதுவரை புதுப் புள்ளி இல்லை, பூ விரிந்துவிட்டது. மகசூல் குறையும், ஆனால் காலியாகாது. அடுத்த வெள்ளாமைக்கு ரெண்டு காட்டிலும் சூரியகாந்தி வேண்டாம், கம்பு போடுவோம் என்று அண்ணாச்சியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஆகவே குத்தகைப் பேச்சை இத்தோடு விடு. அறுப்பு முடிந்ததும் அங்கே வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவேன். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. ரெண்டு பேரும் ஒற்றுமையாக, குறையில்லாமல் இருங்கள். மாசியில் அப்பா திதி வருகிறது, லீவு சொல்லிவை. அண்ணாச்சியையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

உன் அம்மா
கோமதியம்மாள்