மஞ்சள் நீர் குடித்த பலகைகள்

நேற்று நம் மகள் வீட்டுக் கூடத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் கசிந்து, பலகைத் தரை ஓரம் ஓரமாகத் தூக்கிக் கிடக்கிறது. பழம் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. தரையை இழைத்துச் சமமாக்குகிற ஆள் தன் இயந்திரத்தோடு வாசலில் காத்திருந்தான். "இன்னைக்கு வேணாம்பா, நான் கூப்பிடறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகளுக்குக் கோபம். நீ இருந்திருந்தால் என்னை நகரச் சொல்லிவிட்டு, இந்நேரம் தரையோடு தரையாகப் படுத்திருப்பாய்.

உனக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலை கிடைத்தது. அதோடு தொழிலாளர் லயத்தை விட்டு, தேயிலை ஆபீசுக்கு மேலே இருந்த பலகை வீட்டுக்குக் குடிபோனோம். எனக்குப் பதவி பெரிது. உனக்குத் தரைதான் பெரிது. லயத்துச் சிமெண்டுத் தரை கேமரன் மலைப் பனியில் ஐஸ் கட்டி மாதிரி இருக்கும். தவழத் தொடங்கியிருந்த நம் பிள்ளைக்கு அந்தச் சில்லிப்பில் நெஞ்சு கட்டிக்கொண்டு இழுக்கும். புது வீட்டில் கால் வைத்ததுமே நீ குனிந்து உள்ளங்கையால் பலகையைத் தடவினாய்.

"என்னங்க, வெதுவெதுன்னு இருக்கு லா! கட்டைக்குள்ள உசுரு இருக்கா என்ன?"

மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று நான் எந்தக் கிராணியைக் கேட்பேன்? ஆனால் பிள்ளைக்கு இழுப்பு குறைந்தது உண்மை. அந்த வீட்டை எப்பாடுபட்டாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று இருவருமே நினைத்தோம். காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் அத்தனையும் செய்தோம்.

வெள்ளிக்கிழமையானால் வீடு கழுவ வேண்டும். லயத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிப் பெருக்கித் தள்ளியவள் நீ. இங்கேயும் ஊற்றினாய். பலகை இடுக்குகள் வழியே தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. "தொடைக்கவே வேணாங்க, தானா எறங்கிடுது. நல்ல வீடு" என்று உனக்கு ஒரே பூரிப்பு. வீடு கட்டைக்கால்களில் நின்றதால் அடியில் காற்று சில்லென்று ஓடும். பிள்ளைக்கு ஆகாதே என்று, திரிங்காப் ஊர்க் காய்கறி லோரிக்காரனிடம் பழைய சாக்குகள் வாங்கி வந்து, சுற்றிலும் இருந்த அடி இடைவெளியை நான் அடைத்தேன். அந்த மழைக்காலத்தில் இரண்டு பேரும் குறை வைக்கவில்லை.

தீபாவளி தாண்டியபோது பலகைகள் சுட்ட அப்பளமாக ஓரம் தூக்கிக்கொண்டன. கதவு திறக்க மறுத்தது. பிள்ளை தவழும்போது முழங்காலில் சிராய்ப்பு. மாதக் கடைசியில் தோட்டத்து மேனேஜர் துரை நம் வீடுகளைப் பார்வையிட வருகிறார் என்று ஆபீசில் சொன்னார்கள். தரையைக் கெடுத்த குடும்பத்துக்கு மறுபடியும் லயம்தான்.

தோட்டத்து ஆசாரியைக் கூட்டிவந்தேன். "தூக்குனத இழைச்சுத் தள்ளிட்டா சரியாப் போச்சு. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்களே கிராணி" என்று அவர் சிரித்தார். இழைப்புளியை வைக்கப்போன இடத்தில் நீ போய் உட்கார்ந்துகொண்டாய்.

"ஓரம் மட்டும் ஏன் தூக்குது? நடுவு ஏன் தூக்கல? அதச் சொல்லுங்கண்ணே, அப்புறம் இழைங்க."

"அதெல்லாம் யாரு பாத்தா? மரம்னா அப்படித்தான் தங்கச்சி."

அப்படித்தான் என்ற சொல் உனக்கு ஆகவே ஆகாது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, டார்ச் விளக்கோடு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போனாய். தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்து, "மேல காஞ்சிருக்கு, அடியில சாக்கு காத்த அடைச்சு, ஊத்துன தண்ணி காயாம சொதசொதன்னு இருக்கு. அடி ஊதுது, மேல ஊதல. அதான் வளையுது" என்றாய். அதோடு விட்டாயா? ஆசாரியிடம் அதே மரத்தில் இரண்டு துண்டுகள் கேட்டு வாங்கி, ஈரச் சாக்கின் மேல் போட்டு வைத்தாய். இரண்டும் தரையைப் போலவே வளைந்தன. ஒன்றின் ஓரங்களை மட்டும் அவரைக் கொண்டு இழைத்துச் சமமாக்கினாய். பிறகு இரண்டையும் சமையலறை அலமாரியில், அடுப்புச் சூடு எட்டுகிற தூரத்தில் வைத்து, சோறு வடிக்கும்போதெல்லாம் எடுத்தெடுத்துப் பார்த்தாய். எனக்கு எரிச்சலாக வந்தது. துரை வரப்போகிறார், இவள் கட்டைத் துண்டுக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறாள்!

துரை வந்தார். வெள்ளைக்காரர்கள் போய் நம் நாட்டுக்காரர்கள் வந்த பிறகும் துரை துரைதான். தமிழ் நன்றாகவே பேசுவார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கிராணி, வீட்டுக்குள்ள கடல் அலையா?"

நீதான் அலமாரியிலிருந்து துண்டுகளை எடுத்து நீட்டினாய். இழைக்காத துண்டு காய்ந்து நேராகியிருந்தது. இழைத்த துண்டு ஓரம் தேய்ந்து, நடுவில் முதுகு தூக்கியிருந்தது.

"தண்ணி ஊத்துனது நாந்தாங்க. இனிமே ஊத்த மாட்டேன். சாக்க எல்லாம் எடுத்தாச்சு. இப்ப இழைச்சா காஞ்சப்புறம் இப்படி ஆயிரும். தை வரைக்கும் பொறுத்துக்குங்க. எம்புள்ளைக்கு நெஞ்சுச்சளிங்க, சிமெண்டுத் தரை ஆகாது."

அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தை வரைக்கும்தான். அப்பவும் இப்படியே இருந்தா வீடு வேற ஆளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு தினமும் காலையில் எலுமிச்சம்பழத்தை உருட்டினாய். நான் ஆபீசுக்குச் சட்டை மாட்டும்போதே பழம் முட்டும் சத்தம் கேட்கும். மழை விட்டது. பழம் ஒவ்வொரு விளிம்பாகத் தாண்டியது. தை பிறந்து கொஞ்ச நாளில், வாசலில் விட்ட பழம் எதிர்ச் சுவர் வரை போய் மோதியது. பிள்ளை அதன் பின்னாலேயே தவழ்ந்து ஓடினாள். நீ கை தட்டினாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்படிப் பலகை ஒன்று மட்டும் இறங்கவே இல்லை. துரை கண்ணில் படாமலிருக்க அதன்மேல் நீ அரிசி டின்னை வைத்தாய்.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் நீர் வாசல் கல்படிக்கு மட்டும் என்றாயிற்று. "லட்சுமி படியில காலக் கழுவிட்டு உள்ள வரட்டும்" என்றாய். உள்ளே மெல்லிய விளக்குமாறு, ஒட்டப் பிழிந்த துணி, காய்ந்த பிறகு மெழுகு, தேங்காய் மட்டையால் தேய்ப்பு. மட்டையின் மேல் ஒற்றைக் காலை வைத்து நீ தேய்ப்பதைப் பார்த்தால் கூத்து மாதிரி இருக்கும். அந்தப் பளபளப்பில் வழுக்கி விழுந்தவன் நான் ஒருவன்தான். அதற்கும் ஏன் என்று ஆராய்ந்து, என் காலுறைதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலும் நீ டாக்டரைக் கேள்வி கேட்டே களைக்கவைத்தாய். "ஏன்னு தெரியாம எதையும் வெட்டாதீங்க" என்று நீ அவரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். நீ இல்லாத வீட்டில் யாரும் எதையும் ஏன் என்று கேட்பதில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை காப்பிக்கு எழுந்து வந்தேன். அந்த நெஞ்சுச்சளிப் பிள்ளை, தலை நரைக்கத் தொடங்கிய நம் மகள், கூடத்தில் கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்திருந்தாள். கையில் டார்ச் விளக்கு.

"அப்பா, ஓரம் மட்டும் ஏம்ப்பா தூக்குது? நடுவுல ஏன் தூக்கல?"

பதில் எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தை அவள் பக்கம் உருட்டிவிட்டேன்.