கணக்கு பீரியடில் ஒரு பந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவிடம் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும், நீங்களே சொல்லிவிடுங்கள்.

பி.டி. வாத்தியாராக இருந்த காலமெல்லாம், கணக்கு வாத்தியார்கள் உங்கள் பீரியடைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று புலம்புவீர்களே, இங்கே கதை தலைகீழ். கோணம் என்றாலே கொட்டாவி விடும் என் வகுப்பைக் கூடைப்பந்து மைதானத்துக்குக் கூட்டிப்போய்விட்டேன். எப்படி எறிந்தால் கூடையில் விழும் என்று அவர்களே அளக்கிறார்கள். பந்து துள்ளும் உயரத்தை அறிவியல் டீச்சர் பாடமாக்கிவிட்டார். மொழி டீச்சர் ஆட்ட வர்ணனை எழுதச் சொல்கிறார்.

நேற்று ஒரு பந்து என் முகத்தில் விழுந்தது. கண்ணாடிதான் உடைந்தது, மூக்கு பத்திரம். எறிந்த பெண் ஓடிவந்து, "டீச்சர், கோணமெல்லாம் சரிதான். நீங்கதான் தப்பான இடத்துல நிக்கிறீங்க" என்றாள். வருடம் முழுக்க வகுப்பில் வாய் திறக்காதவள். முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

பார்சல் அனுப்பும்போது உங்கள் பழைய விசிலையும் வைத்துவிடுங்கள். இங்கே கடையில் கிடைக்காமல் இல்லை.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். அழுக்காக இருக்கிறதென்று அம்மா விசில் கயிற்றைத் துவைக்கப் பார்ப்பாள். விடாதீர்கள்.

உங்கள் மகள்