கடைசி ஸ்டாப் வரைக்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அக்காவும் நலம். அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா? போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நீங்கள் நிறுத்தச் சொன்ன ஓட்டத்தை நாங்கள் நிறுத்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முழு மாரத்தான் ஓடினோம்.

பார்வை போய், பஸ் ஓட்டும் வேலையும் போன பிறகு அக்கா இருந்த இருப்பை நீங்கள் பார்க்கவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தால் நாள் முழுக்க அங்கேதான். தெருவில் பஸ் போனால் மட்டும் தலை நிமிரும். கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டு, "யாருடா இவன், வண்டியைக் கொல்றான்" என்று முணுமுணுப்பாள். ஒருநாள் காலையில் ஏரிக்கரைச் சாலைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் என்றாள். பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கிறோம்! பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள் நான், உங்களுக்கே தெரியும். மூச்சு வாங்க நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். மறுநாள் நானே அவளை எழுப்பினேன்.

ஒரு ஷூ லேஸின் இரண்டு முனையிலும் வளையம். ஒன்று அவள் விரலில், ஒன்று என் விரலில். மேடு, பள்ளம், இடது, வலது என்று நான் சொல்லிக்கொண்டே ஓடுவேன். உனக்கு வாய் நீளம் என்று ஊரே சொன்னது, இப்போதுதான் அது உபயோகப்படுகிறது என்று கேலி செய்வாள். ஹோட்டல் சலவையறையில் நாளெல்லாம் நின்று விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற கால்கள் இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது?

ஓடும்போது அவள் விழுந்ததும், தாடையில் தையல் போட்டதும் உண்மைதான். மாடி வீட்டு அத்தை அனுப்பிய படத்தைப் பார்த்து நீங்கள் பதறியதும் நியாயம்தான். ஆனால் அவளுக்கு ஒரு காப்பகம் பார்த்திருப்பதாகச் சொன்னீர்களே, அன்று முழுக்க அவள் மறுபடியும் அந்தச் சமையலறை நாற்காலியில்தான். மறுநாள் நான் எழுந்து வந்தபோது தையலோடு, ஷூவும் போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "வண்டிதான் போச்சு, ரோடு எங்கயும் போகலையே. வர்றியா?" என்றாள். போனேன்.

போட்டியில் முக்கால்வாசி தூரம் தாண்டியபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவளுக்கில்லை, எனக்கு. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், லேஸைத் தான் பிடித்துக்கொண்டு அக்காவைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். நானும் போகச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, தரையைத் தடவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு டயர் பஞ்சர்னா மத்த டயர் மட்டும் தனியா போயிடுமா?" என்றபடி என் காலைப் பிசைந்தாள். ஸ்டியரிங் பிடித்த கை அண்ணா, என்ன பலம்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

எழுந்து நொண்டினேன். பிறகு நடந்தோம். பிறகு, நீங்கள் நம்பமாட்டீர்கள், ஓடினோம். சைக்கிளில் வந்த அதிகாரி, நேரம் முடிந்துவிட்டது, இனி ஓடினாலும் கணக்கில் வராது, வேனில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். என்னைக் கேட்டிருந்தால் ஏறியிருப்பேன். அக்காதான், "கடைசி ஸ்டாப் வரைக்கும் போகாம நான் வண்டியைத் திருப்பினதே இல்ல சார்" என்றாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் இல்லை. முடிவுக்கோட்டைக் காலால் தேய்த்துப் பார்த்து, இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே, அடுத்தது எப்போது என்றாள். மழைக்காலம் முடிந்ததும் இருக்கிறது, இரண்டு பேருக்கும் பதிந்தாயிற்று. காப்பகத்துக்காரர்களிடம் அக்காவுக்கு நேரமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். கடைசித் திருப்பத்தில் என் தொண்டை அடைத்துவிட்டது, ஒரு வார்த்தை வரவில்லை. கோடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அக்கா ஒரு கணம் தடுமாறிப்போனாள். பார்வையில்லாமல் ஓடுகிற மற்றவர்களுக்கு அவரவர் வீட்டார் அங்கே நின்று குரல் கொடுப்பார்களாம். எங்களுக்கு அங்கே ஆளில்லை. குரல் கேட்டால் போதும், அவள் அந்தத் திசையில் நேராக வந்துவிடுவாள். உங்கள் குரல் எந்தக் கூட்டத்திலும் தனியாகக் கேட்கும். லீவு சொல்லிவிட்டு வாருங்கள் அண்ணா. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை