தம்மாம் ஆட்டத்தின் ரீபவுண்டுகள்

செப். 14, ஞாயிறு

தோஹா புழுக்கம். ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கண்ணாடி முழுக்க ஆவி. காலை ஏழுக்கு மெடிக்கல் சென்டர், புது இம்போர்ட்டுக்கு எக்ஸ்ரே. வெளிநாட்டு ஆட்டக்காரரை இங்கே இம்போர்ட் என்றே சொல்கிறார்கள். சரக்கு மாதிரி. பெயர் மார்கஸ். அமெரிக்கர். ஆறடி ஒன்பது. எக்ஸ்ரே தட்டு அவர் மார்பு வரை ஏறவில்லை. முழங்காலை மடக்கச் சொன்னார்கள். மடக்கினார். "எல்லா நாட்டிலும் இதேதான்" என்றார்.

எங்கள் பாஸ்கெட்பால் கிளப்பின் பஸ் ஓட்டும் முருகேசண்ணன், ராம்நாட்டுக்காரர், தமிழில்: "ஏம்மா, இவரு உக்காந்துதான் இருக்காரா, நிக்கிறாரா?" நான் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிடுமோ என்று பயம்.

மதியம் அவர் சி.வி.யை எக்செலில் ஏற்றினேன்.

கல்லூரி, 4 வருடம். கடைசி வருடம் கேப்டன்.
போர்ச்சுகல், இரண்டாம் டிவிஷன்.
உருகுவே, பாதி சீசன்.
மங்கோலியா.
லெபனான்.
(ஒரு வருடம் எதுவும் இல்லை)
பஹ்ரைன், ஆறு வாரம்.

காலியான வருடத்தைப் பேனாவால் காட்டினேன். "முழங்கால்" என்றார். பிறகு, "அதை எழுதாதே."

சி.வி.யில் வயது 29. பாஸ்போர்ட்டில் 32. பாஸ்போர்ட்டில் உள்ளதை ஏற்றினேன்.

இப்போதைக்கு ட்ரையல்தான். வியாழன் சவுதியில், தம்மாமில் ஒரு நட்பு ஆட்டம். 25-ஆம் தேதிக்குள் லீக்கில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சீசன் முழுக்க இங்கே. இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட்.

செப். 16, செவ்வாய்

அப்பா போன். தேனியில் மழையாம். மார்க்கெட்டில் லோடு இறங்கவில்லை, அதனால் பேச நேரம்.

"என்னத்தா வேல பாக்குற நீ? பக்கத்து வீட்ல கேக்குறாக, எனக்குச் சொல்லத் தெரியல."

"ஸ்டாட்ஸ்ப்பா. கூடைல விழாம திரும்புற பந்த யார் எத்தன தடவ பிடிக்கிறாங்கன்னு எண்ணணும். ரீபவுண்டுன்னு பேரு."

"பந்து எண்ணவா பி.காம் படிச்ச?"

"ஆமாப்பா."

"சரி. ஆபீஸ்னே சொல்லிக்கிறேன்."

பி.காம் இந்த வேலைக்கு உதவவில்லை என்பது உண்மை. காலேஜில் மூன்று வருடம் பி.டி. மேடம் என்னை ஸ்கோர் டேபிளில் உட்காரவைத்தார். பேசாத பிள்ளை, அங்கே உட்காரட்டும் என்று. அதுதான் தகுதி.

மாலை பிராக்டிஸ். மார்கஸ் அதிகம் ஷூட் பண்ணுவதில்லை. மற்றவர்கள் பந்து போகும் கூடையைப் பார்க்கிறார்கள். அவர் எறிந்தவனின் கையைப் பார்க்கிறார். பந்து தப்பி விழும் இடத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறார். இரண்டு மணி நேரத்தில் நான்கு வார்த்தைதான் பேசினார். மூன்று "ஸாரி".

வாங்க: ஷாம்பு, பச்சை மிளகாய், போன் சார்ஜர்.

செப். 18, வியாழன்

டீம் காலையிலேயே பஸ்ஸில் தம்மாம். கோச்சுக்கு சவுதி விசா வரவில்லை, மேனேஜர் முனீர் ஸாருக்கும் இல்லை. அசிஸ்டென்ட் கோச் கூட்டிப் போனார். எனக்கு யாரும் விசா போடவில்லை. ஹாலில் கேமராவை விடவில்லையாம், வீடியோவும் இல்லை. தாள் மட்டும் வரும்.

இரண்டு புள்ளியில் தோல்வி.

செப். 19, வெள்ளி

லீவு. ஆனால் தாள் போட்டோ வாட்ஸாப்பில் வந்துவிட்டது. யல்லா, இன்றே வேண்டும் என்று முனீர் ஸார்.

ஸ்கோர் அச்சடித்த ஃபாரத்தில், நம் எண்களில். ரீபவுண்டை மட்டும் அந்த ஊர்ப் பெரியவர் யாரோ தனித் தாளில் கையால், அரபி எண்களில். நான் வந்து இரண்டு மாதம். தோஹாவில் அரபி எண் தெரியாமலே காலம் ஓடுகிறது. கூகுளில் படம் பார்த்து 2, 3, 4, 6 என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். நல்லவேளை பாதிக் கட்டங்களில் வெறும் புள்ளி, சிலவற்றில் பூஜ்யம்தான். வேலை சீக்கிரம் முடிந்தது.

மார்கஸ், நான்கு கால் பகுதிகளில்: 0, 3, 0, 2. மொத்தம் 5.

கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

நஜ்மா மார்க்கெட்டில் மீன் வாங்கி ரூம் அக்காவும் நானும் பொரித்தோம்.

செப். 21, ஞாயிறு

மீட்டிங். நான் மூலையில், லேப்டாப்புடன்.

முனீர் ஸார்: "ஆறடி ஒன்பது. அஞ்சு ரீபவுண்ட். என் மாமியார் நின்றால்கூட அஞ்சு அவள்மேல் வந்து விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை, "பிராக்டிஸில் நன்றாகத்தானே..." என்று ஆரம்பித்தார்.

"பிராக்டிஸ் மாஃபி, அதெல்லாம் இல்லை. நம்பரைப் பாருங்கள்."

தாள் சுற்றி வந்தது. செர்பியாவில் ஓர் ஆள் தயாராம். மார்கஸுக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட். பத்து நிமிடத்தில் முடிந்தது. தேநீர் ஆறக்கூட இல்லை.

செப். 22, திங்கள்

ரூமில் சுபா அக்கா. யாழ்ப்பாணம், பல் கிளினிக்கில் ரிசப்ஷன், இங்கே எட்டு வருடம். சாயங்காலம் பராட்டா வாங்கி வந்தார். மேசையில் தம்மாம் தாளின் பிரிண்ட், ஃபைலுக்காக வைத்தது.

"உந்தப் பேப்பரை எடப்பா, எண்ணெய் பிரளப் போகுது." தானே எடுக்கப்போனவர் நின்று பார்த்தார். "என்ன இது, அஞ்சு எண்டு கிடக்கு, நீ பக்கத்தில பென்சிலால சைபர் போட்டிருக்கிறாய்?"

"வட்டம்தானேக்கா?"

"வட்டம்தான் அவையின்ர அஞ்சு. சைபர் எண்டால் ஒரு குத்து. அவ்வளவுதான்." பராட்டாவைப் பிய்த்துக்கொண்டே: "நானும் வந்த புதுசில கிழவர்மார் எழுதித் தாற போன் நம்பருக்கு அடிச்சு எத்தினை பேரிட்ட பேச்சு வாங்கினனான்."

வட்டத்தைப் பார்த்து யார் கூகுளில் தேடுவார்கள். புள்ளி வைத்த கட்டங்களைக் காலி என்று நினைத்திருந்தேன்.

5, 3, 5, 2.

பதினைந்து.

என் பராட்டாவை அக்கா பக்கம் தள்ளினேன். அக்கா இரண்டையும் சாப்பிட்டார்.

செப். 23, செவ்வாய்

பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஸார், ஐ மேட் எ மிஸ்டேக். ஸார், ஸ்மால் மிஸ்டேக். ஸ்மால் வேண்டாம்.

சொன்னேன். முனீர் ஸார் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பிரசிடென்ட்டிடம் அஞ்சு என்று சொல்லியாயிற்று. செர்பியாக்காரன் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்று போய் பதினஞ்சு என்றால் என்னை என்ன நினைப்பார்?"

"ஸார், அவர்..."

"கலாஸ், முடிந்தது. ஃபைலில் அஞ்சாகவே இருக்கட்டும்."

கோச் வராந்தாவில் எதிரே வந்தார். அவரிடமும் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். "பதினைந்தா" என்றார். போய்விட்டார்.

செப். 24, புதன்

மார்கஸ் ஜெர்சிகளை ஒப்படைக்க வந்தார். மடித்து வைத்திருந்தார், கடையில் இருப்பதுபோல. ஸ்டோர் சாவி என்னிடம். அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிட்டேன். வட்டம், புள்ளி, எல்லாம்.

"தெரியும்" என்றார். "என் கணக்கு எப்போதும் என்னிடம் இருக்கும். பதினாறு."

"தாளில் பதினைந்துதான்."

"சரி, பதினைந்து." சிரித்தார். வந்ததிலிருந்து இப்போதுதான்.

ஏன் அன்றே கேட்கவில்லை என்றேன்.

"நம்பருக்குச் சண்டை போடும் இம்போர்ட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? அடுத்த ஊருக்கும் சொல்லிவிடுவார்கள்." பிறகு, குவைத்தில் ஒரு கிளப் கேட்டிருப்பதாகவும், அவர்கள் இங்கே போன் செய்து விசாரிப்பார்கள் என்றும் சொன்னார். இந்த சீசனில் வேறு யாரும் கேட்கவில்லையாம். அதுவும் போனால் ஊரில் மாமாவின் டயர் கடை.

கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜெர்சி நான்கு, வார்ம்-அப் ஒன்று. எண்ணிக் கையெழுத்துப் போட்டேன்.

செப். 25, வியாழன்

காற்று, மண். ஜன்னல் எல்லாம் மஞ்சள்.

மூன்று மணிக்குக் குவைத்திலிருந்து போன். முனீர் ஸார்தான் எடுத்தார். அரபியில் கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "தம்மாம் நம்பர் கேட்கிறார்கள். ஃபைலில் உள்ளதைச் சொல்." ஃபைலை என் பக்கம் திருப்பியும் வைத்தார். 5.

அந்தப் பக்கம் ஒரு பெரிய குரல், ஆங்கிலம். எத்தனை ரீபவுண்ட்?

"ஃபிஃப்டீன்" என்றேன்.

"எங்களுக்கு மெயிலில் வந்த தாளில் ஃபைவ் இருக்கிறதே?"

"அது நான் தப்பாக டைப் செய்தது. அரபி ஐந்தை பூஜ்யம் என்று நினைத்துவிட்டேன். மேனேஜர் தப்பு இல்லை. என் தப்பு."

அப்புறம் அவர் அங்கே யாரிடமோ அரபியில் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். "திங்கள் பிராக்டிஸ். டிக்கெட்டைக் குவைத்துக்கு மாற்றச் சொல்" என்றார்.

போனை முனீர் ஸாரிடம் கொடுத்தேன். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். அவ்வளவு நீளமாக நான் ஆபீஸில் பேசியதில்லை.

"இந்த வேலையில் இருக்க ஆசையா உனக்கு?"

"ஆசைதான் ஸார்."

ஃபைலை மூடினார். "அப்படியானால் அந்தத் தாளைத் திருத்தி எனக்கு அனுப்பு. பிரசிடென்ட்டிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

திருத்தினேன். மற்றவர்களில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஐந்து கூடுகிறது. சப்ஜெக்டில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். "தம்மாம், சரியானது" என்று போட்டு அனுப்பினேன். கோச்சுக்கும் காப்பி.